ஊசலுக்கு 9.8 தெரியாது

தமிழ்நாட்டில் முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980இல் நடந்தது. அதை எழுதியவர்களில் நானும் ஒருத்தி. கல்லூரியில் இருந்த பியூசியை எடுத்துவிட்டு, 1978இல் பள்ளிக்கூடத்திலேயே பதினொன்று, பன்னிரண்டு என்று இரண்டு வகுப்புகளைச் சேர்த்தார்கள். பாடப்புத்தகம் புதுசு, பாடம் நடத்த வந்தவர்கள் புதுசு, ஆய்வுக்கூடத்து மேசைகளில் வார்னிஷ் வாடைகூடப் போகவில்லை. எங்களுக்கு முன்னால் அந்தத் தேர்வை எழுதியவர் யாரும் இல்லை என்பதால், பழைய கேள்வித்தாள் என்ற ஒன்றே கிடையாது. எந்தப் பாடத்திலிருந்து பெரிய கேள்வி வரும், எதை விட்டால் தப்பிக்கலாம் என்று சொல்லிக்கொடுக்க ஒரு அக்காவோ அண்ணனோ ஊரில் இல்லை.

இயற்பியல் சாரிடம் போய், "சார், இம்பார்ட்டன்ட் குறிச்சுக் குடுங்க" என்று நின்றோம். "எனக்கு மட்டும் என்னம்மா தெரியும்? அட்டையிலேருந்து அட்டை வரைக்கும் படிங்க" என்றார். வேறு வழியில்லாமல் அப்படியே படித்தோம். எங்கள் தலைமுறை ஒழுக்கத்தில் உயர்ந்தது என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அன்றைக்குக் குறுக்குப் பாதை இன்னும் போடப்படவில்லை, அவ்வளவுதான். அந்தப் பாதையை அதற்கப்புறம் போட்டவர்கள் பிள்ளைகள் அல்ல, பெரியவர்கள்.

நான் இயற்பியல் ஆசிரியையாகி, அரசு மேல்நிலைப் பள்ளிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அந்தப் பாதை போடப்பட்டதைக் கிட்ட இருந்து பார்த்தேன். முதலில் சில வருஷத்துக் கேள்வித்தாள்களைச் சேர்த்துத் தைத்த புத்தகம் வந்தது. பிறகு வினா வங்கி. பிறகு எந்தப் பாடத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கட்டம் போட்டுச் சொல்லும் ப்ளூ பிரிண்ட். அது கைக்கு வந்தபின், பத்து மார்க் கேள்வி வராத பாடங்களைப் பிள்ளைகள் திறந்ததே இல்லை. "மிஸ், இந்தச் சாப்டர் வேஸ்ட்" என்று வகுப்பிலேயே சொல்வார்கள். அப்படிச் சொல்லக் கற்றுக்கொடுத்தது ட்யூஷன் சென்டரும் எங்கள் ஆசிரியர் அறையும்தான்.

நான் படித்த பதினொன்றாம் வகுப்பு ஆய்வுக்கூடத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். தனி ஊசல் சோதனை. பிளந்த தக்கைக்கு நடுவே நூலைச் செருகி, நுனியில் பித்தளைக் குண்டைத் தொங்கவிட்டு, 20 அலைவுக்கு ஆகும் நேரத்தை எடுத்து, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். வகுப்புக்கே இரண்டு ஸ்டாப்வாட்ச். பலர் அரைமணி நேரத்தில் முடித்துவிட்டுப் போனார்கள். விடை 9.8 என்று புத்தகத்திலேயே இருக்கிறது. அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் நேரம் தானாகக் கிடைத்துவிடும், குண்டை ஆட்ட வேண்டிய அவசியமே இல்லை.

என் ஜோடியாக இருந்த பெண் அப்படிச் செய்ய மாட்டேன் என்றாள். நூலை அளந்தாள், சரியாக ஒரு மீட்டர். நான் கடிகாரத்தைப் பிடித்திருந்தேன். 20 அலைவுக்கு 40.5 நொடி. மறுபடி எடுத்தோம், அதேதான். கணக்குப் போட்டால் 9.63 வந்தது. அழுகிற மாதிரி நோட்டை எடுத்துக்கொண்டு சாரிடம் போனாள். அவர் அதை அடிக்கவில்லை. "நீளத்தை எங்கேருந்து எங்கே வரைக்கும் அளந்தே?" என்று மட்டும் கேட்டார். தக்கையிலிருந்து கொக்கி வரைக்கும் என்றாள். "குண்டு எங்கே போச்சு?" என்றார். வெர்னியரை எடுத்துவந்து குண்டின் விட்டத்தை அளந்தோம். கொக்கியையும் குண்டின் பாதியையும் சேர்த்தால் இரண்டு சென்டிமீட்டர் கூடியது. திரும்பக் கணக்குப் போட்டோம்: 9.82.

அதற்குப் பிறகு சார் மற்ற நோட்டுகளை வரிசையாகப் புரட்டினார். எல்லாவற்றிலும் 9.80. ஒன்றில்கூட 9.79 இல்லை. "நம்ம ஊர்ப் பக்கம் உண்மையான மதிப்பே 9.78தான். நீங்க எல்லாரும் புத்தகத்தை அளந்திருக்கீங்க" என்றார். கோபமே இல்லாமல் இன்னொன்றும் சொன்னார்: "ஊசலுக்கு 9.8 தெரியாதும்மா. உங்களுக்குத்தான் தெரியும்."

ஊசலின் நீளம் என்பது குண்டின் மையம் வரைக்கும் என்று அன்றைக்கு அந்த வகுப்பில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? தப்பாக அளந்து, வந்ததை வந்தபடி எழுதிய ஒருத்திக்குத்தான் தெரிந்தது. அவள் பக்கத்தில் நின்றதால் எனக்கும். மற்றவர்களுக்கு 9.80 வந்துவிட்டதால் கேள்வியே எழவில்லை. நேர்மையைப் பற்றி நான் பிற்பாடு வகுப்பில் பேசியதெல்லாம் இந்த இடத்திலிருந்து வந்ததுதான். அது நீதிபோதனை பீரியடுக்கான விஷயம் இல்லை. படிப்பதற்கு அதைவிட நல்ல முறை ஒன்றை நான் பார்க்கவில்லை. எனக்கு எது தெரியாது என்பது எனக்கு மறைக்காமல் தெரிந்தால்தான் அடுத்ததைக் கற்க முடியும்.

இப்போது எங்கள் அடுத்த தெருப் பெண் ஒருத்தி மாலையில் வந்து சந்தேகம் கேட்கிறாள். இந்த வருஷம் பிளஸ் ஒன். கெட்டிக்காரி, நன்றாகக் கேள்வி கேட்பாள். ஒரு நாள் ரெக்கார்டு நோட்டோடு வந்திருந்தாள். அதே தனி ஊசல், அதே அட்டவணை. ஐந்து நீளங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு அளவீடு, சராசரி, கடைசியில் 9.76. இவ்வளவு நுணுக்கமாக எடுத்திருக்கிறாளே என்று எனக்குச் சந்தோஷம். "எந்த ஸ்டாப்வாட்ச்ல எடுத்தீங்க?" என்றேன்.

"எடுக்கலை மிஸ். ஏஐ கிட்ட கேட்டேன். சரியா 9.8 வந்தா டவுட் வரும்ல, அதனால கொஞ்சம் தள்ளி, நிஜமா எடுத்த மாதிரி ரீடிங்ஸ் குடுன்னு கேட்டேன்."

ஒளிக்காமல் சொன்னாள். அதுதான் என்னை உலுக்கியது. அவள் வகுப்பில் எல்லோருடைய ரெக்கார்டும் ஏதோ ஒரு வழியில் இப்படித்தான் நிரம்புகிறது. போன வருஷத்து அக்காவின் நோட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் போதும். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு அக்காவின் நோட்டுகூடத் தேவைப்படவில்லை. நாங்கள் படித்த காலத்தில் பொய்யாக எழுதினால் பார்த்ததுமே தெரிந்துவிடும், எல்லாம் 9.80 என்று நிற்கும். இப்போது பொய் அளவீட்டுக்குள் நியாயமான பிழையையும் சேர்த்தே எழுதிக் கொடுக்கிறது ஒரு இயந்திரம். திருத்துகிறவரால் கண்டுபிடிக்க முடியாது. எது பிழை, அது எங்கிருந்து வருகிறது என்று கற்றுக்கொள்வதற்காகவே வைத்த சோதனையில் அந்தப் பிழையும் செயற்கை.

அவளை நான் திட்டவில்லை. நாற்பது பிள்ளைகளுக்கு வாரத்தில் இரண்டு பீரியட் லேப், அதிலும் ஒன்றை வேறு பாடத்துக்கு எடுத்துக்கொள்வார்கள், ரெக்கார்டு மட்டும் குறித்த தேதிக்குள் முடிந்தாக வேண்டும். சிவப்பு மையில் கையெழுத்துப் போடுகிற ஆசிரியருக்கும் ஒரு நோட்டுக்கு அரை நிமிஷம்தான் கிடைக்கும். அந்த மேசையில் நானும் உட்கார்ந்தவள், எனக்குத் தெரியும். இந்த ஏற்பாட்டுக்குள் ஒரு பிள்ளை நேர்மையாக அளவெடுக்க வேண்டுமென்றால் அவள் பள்ளிக்கூடத்தையே எதிர்த்து நிற்க வேண்டியிருக்கிறது.

வருஷம் முழுக்கக் காப்பியடித்த ரெக்கார்டை வாங்கிக் கையெழுத்துப் போடுகிறோம். அதே பிள்ளை மார்ச் மாதத்தில் ஒரு துண்டுச்சீட்டோடு மாட்டினால் குற்றவாளி. பறக்கும் படை வருகிறது, எழுதி வாங்குகிறார்கள், தேர்வெழுதத் தடை விதிக்கிறார்கள். தேர்வுக்கூடத்தின் மூன்று மணி நேரத்துக்கு மட்டும் ஒரு நேர்மையை வைத்துக்கொண்டிருக்கிறோம். மீதி நாட்களுக்கு வேறொன்று.

அந்த மூன்று மணி நேரமாவது பத்திரமாக இருக்கிறதா? அறைக் கண்காணிப்பாளர்களை வேறு பள்ளியிலிருந்துதான் போடுவார்கள். அப்படி ஒரு தனியார் பள்ளிக்கு நான் போயிருந்தேன். இயற்பியல் அப்போது எழுத்துத் தேர்வு 150 மதிப்பெண், அதில் 30 ஒரு மார்க் கேள்விகள். காலையில் டிபனும் காபியும் கொண்டுவந்து வைத்த ஒருவர், "மேடம், கடைசி அரைமணி நேரம் நீங்க கொஞ்சம் வராண்டாப் பக்கம் பார்த்துக்கிட்டு நின்னாப் போதும். ஒரு மார்க்கை எங்க ஆளு பார்த்துக்குவாரு" என்றார். முடியாது என்றேன். துறை அலுவலரிடமும் சொன்னேன். அன்றைக்கு யாரும் உள்ளே வரவில்லை.

ஆனால் மூன்றாவது வரிசையில் ஒரு பெண் வாசலைப் பார்ப்பதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தாள். பெரிய கேள்விகளை எல்லாம் அழகாக எழுதியிருந்தாள். வரைபடங்கள் பென்சிலில் பளிச்சென்று இருந்தன. ஒரு மார்க் பக்கம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கையில் அருகே போய், "ஏம்மா எழுதாம வெச்சிருக்கே?" என்றேன். "கடைசியில சொல்வாங்கன்னு சொன்னாங்க மிஸ்" என்றாள். அவளுக்குப் பாதிக்கு மேல் தெரிந்திருக்கும். அவசர அவசரமாக எழுதினாள், எத்தனை எழுதினாள் என்று நான் பார்க்கவில்லை. பேப்பரை வாங்கும்போது அவள் கை நடுங்கியது. 'நீ சொந்தமாக எழுத வேண்டாம், நாங்கள் இருக்கிறோம்' என்று ஒரு பள்ளிக்கூடம் அவளிடம் சொல்லியிருக்கிறது. அதை நம்பி அவள் அந்தப் பகுதியைப் படிக்காமல்கூட இருந்திருக்கலாம். அந்தப் பெண்ணை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. காப்பியடிப்பதைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் மாணவர்களைப் பார்த்தே பேசும்போது எனக்கு அவள் ஞாபகம்தான் வரும்.

இதைவிடச் சின்ன விஷயம், ஆனால் எல்லா வகுப்பிலும் நடப்பது: ஒன் வேர்ட் டெஸ்ட் வைத்துவிட்டு நோட்டை மாற்றித் திருத்தச் சொல்வது. பக்கத்துப் பெண்ணின் நோட்டு என் கையில், என் நோட்டு அவள் கையில். தப்பைச் சரி என்று போட்டால் அது சிநேகம், தப்பு என்று போட்டால் துரோகம். பதினைந்து வயதுப் பிள்ளையை இந்த இக்கட்டில் நிறுத்துவதற்கு நமக்கு எந்த உரிமையும் இல்லை. நான் கடைசி வருஷங்களில் அதை நிறுத்திவிட்டு, அவரவர் நோட்டை அவரவரே திருத்தச் சொன்னேன். மதிப்பெண்ணை நான் எந்தப் பதிவேட்டிலும் ஏற்ற மாட்டேன் என்றும் சொன்னேன். இருபதுக்கு ஏழு என்று ஒரு பையன் எழுந்து சத்தமாகச் சொன்னான். மற்றவர்கள் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் பன்னிரண்டு என்றான். மதிப்பெண்ணுக்கு விலை இல்லாத இடத்தில் பொய்க்கும் வேலை இல்லை.

அந்த ஏழு மதிப்பெண்ணைத் தெரிந்துகொள்வதுதான் படிப்பு என்று நான் நினைக்கிறேன். ஆராய்ச்சியும் அதையே சொல்கிறது. 2006இல் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை வெளியிட்டார்கள். ஒரு பிரிவு மாணவர்கள் ஒரு பத்தியை இரண்டு தடவை படித்தார்கள். இன்னொரு பிரிவு ஒரு தடவை படித்துவிட்டு, பார்க்காமல் ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள்: அவர்களுக்கு 81 சதவீதம், மற்றவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தலைகீழ். திரும்பப் படித்தவர்களுக்கு 42, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56.

ஐந்தாவது நிமிஷத்தில் கிடைக்கிற அந்தத் தெம்புதான் நம் பிள்ளைகளை ஏமாற்றுவது. படித்ததையே மறுபடி படித்தால் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். மஞ்சள் மையில் கோடு போட்டால் இன்னும் தெரிந்த மாதிரி இருக்கும். புத்தகத்தை மூடினால்தான் விஷயம் வெளியே வரும். எங்கள் வீட்டில் அம்மா கிழித்த தினசரி காலண்டர் தாள்களை ஒரு கம்பியில் குத்தி வைப்பாள். அவற்றின் பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். அதில்தான் நாங்கள் எழுதிப் பார்ப்போம். நல்ல நோட்டு இல்லை என்பதால் அழகாக எழுத வேண்டிய கவலை இல்லை, யாரும் பார்க்கப்போவதில்லை என்பதால் தப்பை மறைக்கவும் தேவையில்லை. வறுமையால் செய்த வேலை, ஆனால் அதைவிட நல்ல படிப்பு முறையை எந்தக் கோச்சிங் சென்டரும் விற்கவில்லை.

அடுத்த தெருப் பெண்ணுக்கும் இதைத்தான் சொல்லியிருக்கிறேன். ஒரு பாடத்தைப் படித்ததும் மூடிவிட்டு எழுது. நடுவில் மறந்தால் எட்டிப் பார்க்காதே, அந்த இடத்தைக் காலியாக விடு. எட்டிப் பார்த்துவிட்டால் எது தெரியாது என்பதே தெரியாமல் போகும். முடித்த பிறகு புத்தகத்தைத் திறந்து வேறு மையில் நிரப்பு. இரண்டு மூன்று நாள் கழித்து அதையே மறுபடி எழுது. செய்யுளை அடிபிறழாமல் மனப்பாடம் செய்வதில் எனக்குச் சண்டை இல்லை, தமிழ் படிக்கிற பிள்ளைக்கு அது ஆயுசுக்கும் சொத்து. நிறுவல்களையும் சமன்பாடுகளையும் அப்படி நெட்டுருப் போடுவதில்தான் சண்டை. ஏஐ வேண்டாம் என்று அவளிடம் சொல்லவில்லை, சொன்னாலும் நடக்காது. விடையைக் கேட்காதே, உன்னைக் கேள்வி கேட்கச் சொல்லு, அது சொல்வது சரியா என்று பாடப்புத்தகத்தில் பார் என்றேன். சிநேகிதிக்குச் சந்தேகம் சொல்லிக்கொடு, உன் நோட்டைக் கொடுக்காதே என்றும் சொன்னேன். அதில்தான் அவளுக்கு வருத்தம். கொடுக்கவில்லை என்றால் பேச மாட்டார்களாம். அதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. பேசுகிற ஒருத்தியையாவது தேடிக்கொள் என்றேன்.

பெரியவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லாமல் இருந்த காலத்தில், பல தனியார் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை நடத்தவே இல்லை. பிளஸ் டூ புத்தகத்தையே இரண்டு வருஷமும் ஓட்டினார்கள். ஊர் முழுக்கத் தெரியும். 200க்கு 200 வாங்கிய பிள்ளைகள் பொறியியல் கல்லூரியின் முதல் செமஸ்டரில் தட்டுத்தடுமாறினார்கள். அடிப்படை எல்லாம் பதினொன்றாம் வகுப்பில் அல்லவா இருக்கிறது? விசை, ஆற்றல், அலைவு, எல்லாம் அதில்தான். ஒரு வகுப்பு நடத்தியதாகப் பதிவேட்டில் எழுதி, நடத்தாமல் விட்டதை அன்றைக்கு யாரும் முறைகேடு என்று சொல்லவில்லை. முடிவைப் பேனர் கட்டிக் கொண்டாடினோம்.

2017 நல்ல வருஷம். மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை அந்த மே மாதம் அரசு நிறுத்தியது. 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது, ப்ளூ பிரிண்டும் போனது. எந்தப் பாடத்திலிருந்தும் கேட்பார்கள் என்றதும் பெற்றோர் பதறினார்கள், 'பாடத்துக்கு வெளியே கேட்டுவிட்டார்கள்' என்று தொலைக்காட்சியில் அழுத பிள்ளைகளையும் பார்த்தோம். கேள்வி புத்தகத்துக்குள்தான் இருந்தது. முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் நின்ற இடத்துக்கே அவர்கள் வந்து சேர்ந்திருந்தார்கள், எங்களுக்கு இருந்த பயமில்லாத மனசு மட்டும் அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை.

2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அந்த பிளஸ் ஒன் பொதுத்தேர்வை எடுத்துவிட்டது. பிள்ளைகளின் பாரம் குறைய வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. மூன்று வருஷம் தொடர்ந்து பொதுத்தேர்வு என்பது கொடுமைதான். ஆனால் பழைய பழக்கம் திரும்பாமல் இருக்க யார் காவல் என்று கேட்கிறேன். தேர்வு இல்லை என்றால் லேப் பூட்டிக்கொள்ளும், ரெக்கார்டு மட்டும் நிரம்பும்.

அடுத்த தெருப் பெண்ணின் ரெக்கார்டை அன்றைக்கு மூடி வைத்தோம். ஜன்னல் கம்பியில் நூலைக் கட்டி ஒரு பூட்டைத் தொங்கவிட்டு, அவளுடைய போனிலேயே நேரம் எடுத்தாள். 9.41 வந்தது. பூட்டுக்கு மையம் எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்று எரிச்சல்பட்டு, மறுநாள் அவள் அப்பாவின் கடையிலிருந்து கனமான இரும்புக் குண்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். அன்றைக்கு 9.7. பழைய தாளைக் கிழித்துவிட்டு இரண்டு அட்டவணையையும், ஏன் முதலில் தப்பு வந்தது என்ற ஒரு பத்தியையும் எழுதியிருக்கிறாள். ரெக்கார்டில் இப்படி எழுத இடமில்லையே, கையெழுத்துப் போடுவார்களா என்று கேட்கிறாள். அவளுடைய இயற்பியல் ஆசிரியையிடம் பேசியிருக்கிறேன். வியாழக்கிழமை லேப் பீரியடுக்கு என்னையும் வரச் சொல்லியிருக்கிறார். ஆறு ஊசல்தான் இருக்கிறதாம். குண்டுகளை நான் வாங்கிக்கொண்டு போகிறேன்.